காரில் இருக்கும் எஸ்ஓஎஸ் பட்டன் எப்படி வேலை செய்கிறது, கார் இருக்கும் இடம் யாருக்குத் தெரியும்?

கேள்வி இதுதான்: "புது காரின் கூரையில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, சின்ன மூடிக்குள் எஸ்ஓஎஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. நான் சிம் எதுவும் போடவில்லை. அப்படியிருக்க அது யாரை, எப்படிக் கூப்பிடும்? விபத்து நடந்தால் தானாகவே கூப்பிடும் என்கிறார்கள், நிஜமா? அப்படியென்றால் சாட்டிலைட்டில் யாரோ என் காரை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? கார் திருடுபோனால் இதை வைத்துப் பிடித்துவிடலாமா?"

இந்தக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாட்டிலைட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை செய்வதெல்லாம் ஒன்றுதான்: "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது. காரில் உள்ள ரிசீவர் அதைக் கேட்டு, சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போடுகிறது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும், அதனால் நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் போதும். ஆனால் செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், காரில் இருப்பது மலிவான கடிகாரம். அந்தப் பிசகைச் சரிசெய்ய நான்காவது ஒன்று வேண்டும்.

இதில் கார் பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. நீங்கள் எந்த அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறீர்கள் என்று வானொலி நிலையத்துக்குத் தெரியாது இல்லையா? அதே மாதிரிதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு உங்கள் கார் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே இடத்தை அறிவது ஒரு வேலை, அதை இன்னொருவருக்குச் சொல்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது காருக்குள் இருக்கும் ஒரு சின்ன செல்போன். பக்கத்தில் டவர் இல்லாவிட்டால், தான் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறோம் என்று காருக்குச் சில மீட்டர் துல்லியத்தில் தெரிந்திருக்கும், வேறு யாருக்கும் தெரியாது. இந்தத் துறையில் நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த "சொல்லும்" பகுதியில்தான் நடந்தன. விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவதோ "அறியும்" பகுதி.

சரி, விபத்து நடந்தது என்று காருக்கு எப்படித் தெரிகிறது? எஸ்ஓஎஸ் பெட்டி தானாக அதை முடிவு செய்வதில்லை. ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று காரின் நடுவில், தரையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்கம் இருக்கும் சென்சார்கள், பல கார்களில் கதவுக்குள் காற்றழுத்தத்தைப் பார்க்கும் சென்சார், கார் உருள்கிறதா என்று பார்க்கும் சென்சார் எல்லாம் அதற்குத்தான் செய்தி சொல்கின்றன. மோதல் தொடங்கிச் சுமார் 15 முதல் 30 மில்லி விநாடிக்குள் அது முடிவெடுத்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரம்கூட இதைவிட அதிகம். ஏர்பேக்குக்கு உத்தரவு போகும் அதே நேரத்தில், காருக்குள் ஓடும் தகவல் கம்பியில் "மோதல்" என்று ஒரு செய்தியும் போகிறது. எஸ்ஓஎஸ் பெட்டி காத்திருப்பது அந்தச் செய்திக்காகத்தான்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஏர்பேக் விரியும் அளவுக்கு இல்லாத விபத்தில் தானியங்கி அழைப்பு போகாமல் இருக்கலாம். கார் மெதுவாகச் சரிந்து வாய்க்காலில் இறங்கினால், ஓட்டுபவருக்கு நெஞ்சுவலி வந்து அவரே ஓரமாக நிறுத்தினால், காருக்கு எதுவும் தெரியாது. பட்டன் இருப்பது அதற்காகத்தான். இன்னொருவர் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தாலும் உங்கள் காரின் பட்டனை அழுத்தலாம். அது உங்கள் விபத்துக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி அழைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இ-கால் முறையை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. 2018 மார்ச் 31 முதல் அங்கே அனுமதிக்கு வரும் புதிய கார் மாடல்களில் இது கட்டாயம். ரஷ்யாவில் ஏரா-குளோனாஸ் என்று கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று உண்டு. நீங்கள் சிம் போடவில்லை என்றீர்கள். சிம் ஏற்கெனவே பெட்டிக்குள் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவசர அழைப்பு என்பதால் அந்த சிம் எந்த நிறுவனத்துடையது என்பதும் முக்கியமில்லை, கிடைக்கிற எந்த நெட்வொர்க்கிலும் போகும். அங்கே அவசர எண்ணான 112-க்கு அழைக்கும்போதே "இது காரிலிருந்து வரும் அழைப்பு, தானாக வந்தது" அல்லது "பட்டன் அழுத்தி வந்தது" என்ற குறிப்பும் சேர்ந்து போகிறது. அதைப் பார்த்து நெட்வொர்க் சரியான கட்டுப்பாட்டு அறைக்குத் திருப்பிவிடும்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்த பகுதி. இடம் முதலிய விவரங்களை அனுப்ப இணையமும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை. பேசுகிற அதே குரல் அழைப்புக்குள், சத்தமாகவே அனுப்புகிறார்கள்.

சோதனை மேசையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு முதல் முறை இதைக் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. மோதல் செய்தியைப் போலியாகக் கொடுத்தோம். ரிங் போனது, எடுத்தார்கள், உடனே தொலைநகல் இயந்திரம் கத்துவது மாதிரி ஒரு கிறீச்சல். சில விநாடிகள். சட்டென்று நின்றது. அப்புறம் தெளிவாக ஒரு மனிதக் குரல்: "சொல்லுங்கள், கேட்கிறதா?" எதிர்முனையில் இருந்தவரின் திரையில் வரைபடத்தில் புள்ளி அதற்குள் விழுந்திருந்தது. காருக்குள் இருப்பவருக்கு அந்தக் கிறீச்சல் கேட்காது. அந்தச் சில விநாடிகள் ஸ்பீக்கரை அமைதியாக்கிவிடுவார்கள். அதனால் பட்டனை அழுத்தி அழைப்பு இணைந்த பிறகு சத்தமே இல்லை என்றால், வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள். விவரம் போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படிச் சுற்றிவளைக்க வேண்டும்? எஸ்எம்எஸ் தாமதமாகலாம், தொலையலாம். இணைய இணைப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் அவசரக் குரல் அழைப்புக்கு எந்த நெட்வொர்க்கும் முதலிடம் கொடுக்கும், எல்லை தாண்டினாலும் வேலை செய்யும். அந்த ஒரு வழி நிச்சயம் திறந்திருக்கும் என்பதால் சத்தம், பேச்சு இரண்டையும் அதிலேயே அனுப்பினார்கள்.

அப்படிப் போகும் தகவல் மொத்தம் 140 பைட். ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸின் அளவு. தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அடித்தால் 70 குறிகளோடு முடிந்துவிடுமே, அவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: நேரம், இடம், தானாக வந்ததா அழுத்தி வந்ததா, என்ன வகை வாகனம், பெட்ரோலா டீசலா வாயுவா மின்சாரமா, 17 எழுத்து எண்கள் கொண்ட சேசிஸ் எண், முடிந்தால் எத்தனை பேர் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதும். இடத்தோடு கூடவே "இந்த இடத்தை நம்பலாமா" என்று ஒரு குறியும் போகும். 150 மீட்டருக்குள் இருக்கும் என்று 95 சதவீதம் உறுதி இருந்தால்தான் நம்பலாம் என்று அது சொல்லும். தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் அதையும் ஒப்புக்கொள்ளும் கருவி, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கார் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதும் அந்த 140 பைட்டில் உண்டு. இது ஏதோ உபரித் தகவல் என்று நினைக்கக் கூடாது. நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் போகும் பாதையும் வரும் பாதையும் சில மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். ஜிபிஎஸ் பிசகே அவ்வளவு இருக்கலாம். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கப் பாதையில் ஏறிவிட்டால், அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். திசை தெரிந்தால் அந்தத் தவறு நடக்காது. சேசிஸ் எண்ணும் அப்படித்தான்: அதைவைத்து மாடலைக் கண்டுபிடித்தால், விரியாத ஏர்பேக் எங்கே இருக்கிறது, கூரையை எங்கே வெட்டலாம், உயர் மின்னழுத்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் மீட்புக் குழு வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மோதிய பிறகு ஜிபிஎஸ் வேலை செய்யுமா என்று அடுத்த சந்தேகம் வரும். பல நேரம் செய்யாது. கார் தலைகீழாகக் கிடந்தால் ஆண்டெனா மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புதிதாக இடம் தேட ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது. வழக்கமான ஜிபிஎஸ் சிக்னலில் செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது, ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வரவே 30 விநாடி ஆகும். அதனால் ஓடும்போதே இடத்தைக் கணித்து வைத்துக்கொண்டே போவார்கள். கடைசியாகத் தெரிந்த இடமும் அதற்கு முந்தைய ஓரிரு இடங்களும் கையில் இருக்கும். சுரங்கப்பாதைக்குள் போனால் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, கார் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்து ஓரளவு தொடர முடியும். கண்ணை மூடிக்கொண்டு அடி எண்ணி நடப்பது மாதிரி. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும்.

பேட்டரி? காரின் பேட்டரி முன்பக்கம் இருந்தால் மோதலில் முதலில் போவதே அதுவாக இருக்கலாம். அதற்காகப் பெட்டிக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, பெரும்பாலும் தனி மைக், தனி ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. பேசி முடித்த பிறகும் இ-கால் பெட்டி குறைந்தது ஒரு மணி நேரம் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், மீட்புக் குழு வழி தெரியாமல் திரும்ப அழைத்தால் எடுப்பதற்காக.

இந்தத் தனி பேட்டரி விஷயத்தில் என் வீட்டு அனுபவம் ஒன்று. அக்காவின் காரில் ஒருநாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். எஸ்ஓஎஸ் பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இது எத்தனை நாளாக எரிகிறது அக்கா?" என்றேன். "அது எப்பவும் அப்படித்தான் எரியும்டா" என்றார். உள்ளே இருந்த பேட்டரி ஆயுள் முடிந்து செத்துப்போயிருந்தது. நடுவில் இரண்டு முறை சர்வீஸுக்கும் போய்வந்திருந்தது அந்தக் கார். எண்ணெய் மாற்றியிருந்தார்கள், பிரேக் பார்த்திருந்தார்கள், இதை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேட்டரிக்குச் சில வருடங்கள்தான் ஆயுள். உங்கள் காரில் எந்த விளக்கு நன்றாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது, எது கோளாறு என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது இதையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இதுவரை சொன்னது நேராக அரசின் அவசர எண்ணுக்குப் போகும் முறை. கார் கம்பெனியின் சொந்த அழைப்பு மையத்துக்குப் போவது இன்னொரு முறை. இதில் முன்னோடி ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய ஆன்ஸ்டார். அழைப்பை எடுப்பவர் முதலில் உங்களிடம் பேசுவார், பிறகு அந்தப் பகுதியின் அவசர சேவைக்கு இணைப்பார். நடுவில் ஒரு கை கூடுதல் என்பது குறைதான். ஆனால் இந்த வழியில் 140 பைட் என்ற கட்டுப்பாடு இல்லை. மோதலில் வேகம் எவ்வளவு சட்டென்று குறைந்தது, எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது, ஒரு அடியா பல அடியா, பெல்ட் போட்டிருந்தார்களா என்பதையெல்லாம் வைத்து உள்ளே இருப்பவருக்குப் பலத்த காயம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க முடியும். 2008-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூட்டிய நிபுணர் குழு, அந்த வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரிய விபத்து சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோவதை யோசிக்கலாம் என்று பரிந்துரைத்தது. கண்ணால் பார்க்க நன்றாகத் தெரியும் ஒருவருக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கார் வாங்கிய அடியின் அளவு அங்கே மருத்துவருக்கு ஒரு துப்பு.

இந்தத் தனியார் சேவைகள் பெரும்பாலும் சந்தாவில் ஓடுபவை. இலவசக் காலம் முடிந்ததும் என்ன ஆகும், அவசர அழைப்பு மட்டுமாவது தொடருமா, அடியோடு நின்றுவிடுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் வேறு. கார் 15, 20 வருடம் ஓடுகிறது. செல்போன் நெட்வொர்க் அவ்வளவு நாள் இருப்பதில்லை. ஆன்ஸ்டாரின் முதல் கார்கள் 2ஜிக்கும் முந்தைய அனலாக் நெட்வொர்க்கில் பேசின. 2008-இல் அமெரிக்காவில் அனலாக் மூடப்பட்டபோது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் பட்டன் வெறும் பொம்மை ஆனது. 2022-இல் அங்கே 3ஜி மூடப்பட்டபோது மறுபடியும் அதே கதை. ஐரோப்பாவின் 2018 இ-கால் 2ஜி, 3ஜியை நம்பி வடிவமைக்கப்பட்டது, அங்கேயும் அந்த நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். 2026 முதல் வரும் புதிய மாடல்களுக்கு 4ஜி, 5ஜியில் பேசும் புதிய இ-கால் வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. ஏற்கெனவே சாலையில் இருக்கும் கார்களின் பெட்டி அதனால் மாறிவிடாது.

அப்புறம், யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்ற கேள்வி. இங்கே இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வெறும் இ-கால் மட்டும் இருக்கும் காரில் அந்த போன் தூங்கிக்கொண்டிருக்கும். விபத்தோ பட்டனோ எழுப்பும்வரை நெட்வொர்க்கில் பதிவே செய்துகொள்ளாது, அதனால் எந்த டவருக்கும் அது இருப்பது தெரியாது. பழைய இடங்களையும் தொடர்ந்து அழித்துக்கொண்டே போக வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. ஆனால் போனில் ஆப் வைத்துக்கொண்டு கார் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிகிறது, தூரத்திலிருந்தே ஏசி போட முடிகிறது என்றால், அந்தக் கார் கம்பெனியின் சர்வரோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும் இடம் அந்த சர்வருக்கும் தெரியும். பெரும்பாலும் அமைப்புகளில் இடப் பகிர்வை நிறுத்த வழி இருக்கும். எந்தெந்த வசதி அதோடு சேர்ந்து நிற்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருட்டுக்கு வருவோம். அவசர அழைப்புப் பெட்டி திருட்டைப் பிடிக்கச் செய்யப்பட்டதல்ல. தூங்கும் போனை வைத்து எதையும் தேட முடியாது. அதற்குத் தேவை எந்நேரமும் பேசும் இணைப்பு, அல்லது தனியாகப் பொருத்தும் டிராக்கர். டிராக்கர் ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லும். இக்னிஷனை அணைத்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும், குலுக்கினால் எழும். டவர் கிடைக்காத இடத்தில் பதிவுகளைச் சேமித்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும்.

இதன் பலவீனங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மெலிந்துவிடுவதால், உள்ளங்கை அளவு ஜாமர் போதும் அதை மூழ்கடிக்க. இரும்புக் கண்டெய்னருக்குள் ஏற்றிவிட்டாலோ, கட்டிடத்தின் நிலத்தடித் தளத்தில் நிறுத்திவிட்டாலோ வானமும் தெரியாது, பல நேரம் டவரும் கிடைக்காது. டவர் மட்டும் கிடைத்தால் அதைவைத்து ஒரு குத்துமதிப்பு சொல்லலாம். 2ஜியில் ஒரு டவரிலிருந்து தூரத்தை சுமார் 550 மீட்டர் படிகளில்தான் அறிய முடியும், அதாவது ஒரு பேட்டை தெரியும், வீடு தெரியாது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய லோஜாக் இதற்கு நேர்மாறான வழியில் போனது. அதில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. காருக்குள் ஒளித்துவைத்த சின்ன ரேடியோ, திருட்டுப் புகார் பதிவானதும் எழுந்து சிக்னல் கொடுக்கும். போலீஸ் வண்டியில் இருக்கும் ரிசீவர் சிக்னல் எந்தப் பக்கம் வலுக்கிறது என்று பார்த்துக்கொண்டே நெருங்கும். அது பயன்படுத்திய அலைவரிசை சுவரைத் தாண்டி வரும், ஷெட்டுக்குள் பூட்டிய காரையும் காட்டிக்கொடுக்கும். வரைபடத்தில் புள்ளி விழுவதைவிட இது பழைய முறைதான், ஆனால் புள்ளி விழாத இடத்தில் இதுதான் கைகொடுத்தது.

ஓடும் காரின் இன்ஜினை தூரத்திலிருந்து சட்டென்று நிறுத்துவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பொறுப்பான அமைப்புகள் அப்படிச் செய்வதில்லை. ஆன்ஸ்டாரில் 2009 மாடல்களில் வந்த வசதியில் போலீஸ் கண்ணால் காரைப் பார்த்து உறுதி செய்த பிறகு வேகத்தை மெல்லக் குறைப்பார்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்துகொண்டே இருக்கும். இன்னொன்று, அணைத்த காரை மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது. இதுதான் பாதுகாப்பான வழி. வெளியில் யாரோ ஒயரை வெட்டி மாட்டும் ரிலே என்ற மின் சுவிட்ச், எரிபொருள் பம்பை ஓட்டத்திலேயே துண்டிக்கும் என்றால் அதைப் போடாதீர்கள். தவறான கட்டளை ஒன்று நெடுஞ்சாலையில் வந்தால் உள்ளே இருப்பவர் நீங்களாகவோ உங்கள் பிள்ளையாகவோ இருக்கலாம். கார் நகர்வது போனில் தெரிந்தால் நீங்களே துரத்திப் போகவும் வேண்டாம். புகார் கொடுத்து அந்த இடத்தைப் போலீஸிடம் காட்டுங்கள்.

காரில் இதெல்லாம் இல்லையென்றால் கையில் இருக்கும் போன் ஓரளவு ஈடுகட்டும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல், மோதலைத் தானே உணர்ந்து அவசர எண்ணைக் கூப்பிடும் வசதி இருக்கிறது. கூகுள் பிக்சலில் அதற்கு முன்பே வந்துவிட்டது. புவியீர்ப்பைப் போல 256 மடங்கு (256 g) வரையிலான அதிர்ச்சியை அளக்கும் சென்சார், மைக்கில் கேட்கும் பெருஞ்சத்தம், ஏர்பேக் விரியும்போது காருக்குள் காற்றழுத்தம் மாறுவது, வேகம் திடீரென்று பூஜ்யமாவது எல்லாவற்றையும் ஐபோன் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் போன் காரோடு இறுகக் கட்டப்பட்டதல்ல, மோதலில் எங்கேயோ பறந்து விழும். ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன் விபத்து என்று நினைத்து அழைத்த சம்பவங்களும் உண்டு. இதை இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளலாம், காரின் பெட்டிக்கு மாற்றாக அல்ல.

பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டால், பின்னால் இருக்கும் குழந்தைகள் அழுத்திவிட்டால், உடனே துண்டித்துவிட்டு ஓடாதீர்கள். எடுப்பவரிடம் "தவறுதலாக அழுத்திவிட்டோம், எல்லோரும் நலம்" என்று சொல்லுங்கள். பதில் இல்லாத அழைப்பை அவர்கள் மயக்கத்தில் கிடப்பவரின் அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவியை வாங்கும்போதே பெட்டி எந்த நெட்வொர்க்கில் பேசுகிறது என்று கேளுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு காரிலிருந்து நீக்கப்பட்டதா என்று உங்கள் கண் முன்னால் பாருங்கள். நீக்காவிட்டால், நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும், சில கார்களில் அவரால் கதவையும் திறக்க முடியும்.